ஸாஹிரின் பேரில் ஒரு படிப்பு

ஸாஹிர் மவுத்தாகி ஒரு மாதம் கழிந்த பின்னர், ஒரு பகல்வேளையில், அவரைத் தேடி ஓர் அழைப்பு வந்தது. "ஸாஹிர், சில வாரங்களாக உங்களைக் காணவில்லை. விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்." டெப் என்கிற கைக்கணினியின் திரையில் மேலிருந்து இறங்கி வந்த எழுத்துகள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மறைந்தன.

அதைப் பார்த்தவள் அவருடைய மனைவி உம்மு குல்தூம். அவள் அப்போது இத்தாவில் இருந்தாள். கணவனை இழந்த பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது முறை. காத்தான்குடி ஆற்றங்கரையின் குறுகிய ஒழுங்கையில் அந்த முறையோடு வேறு சிலவும் சேர்ந்துகொள்ளும். ஜன்னல்களுக்குத் தடித்த திரை போட வேண்டும். வாசலுக்கு மீன்காரன் வந்தால் அவளுடைய குரல் வெளியே கேட்கக் கூடாது. வெள்ளைச் சீலையைத் தவிர வேறு எதுவும் மேலில் படக் கூடாது. திரைக்கு வெளியே வாவியிலிருந்து காற்று வந்துகொண்டுதான் இருந்தது. உள்ளே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

ஸாஹிர் கட்டாரில் ஒரு பண்டகசாலையில் வேலை செய்தவர். பெட்டி இறக்குவது, ஏற்றுவது, சுமந்து அடுக்குவது. நாற்பதைத் தொடாத மனிதன், வேலை முடிந்து வந்து படுத்தவர் எழும்பவில்லை. இயற்கை மரணம் என்று ஒரு தாள் வந்தது. தகரக் கூரையின் கீழே, மூச்சு முட்டும் வெக்கையில், ஆண்டுக்கணக்காக ஒருவனைச் சுமக்க வைத்து அவனுடைய நெஞ்சு நின்றுபோவது இயற்கை என்றால் அதுவும் இயற்கைதான். அங்கேயே அடக்கினார்கள். குல்தூம் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த டெப் மகள் இர்ஷானாவின் பாடங்களுக்காகக் கொரோனாக் காலத்தில் வாங்கியது. கடைசியாக லீவில் வந்திருந்தபோது அதில்தான் ஸாஹிர் ஓர் இணையக் கற்கைத் தளத்தில் பதிந்தார். களஞ்சிய முகாமைத்துவம், அதாவது கிடங்கு நிர்வாகம், என்பது பாடநெறியின் பெயர். சான்றிதழ் கிடைத்தால் சுமக்கிற வேலையிலிருந்து எழுதுகிற வேலைக்கு மாற்றுவார்கள் என்று அங்கே யாரோ சொல்லியிருந்தார்கள். ஆங்கிலத்தில் நடக்கும் பாடம், கீழே தமிழில் எழுத்து ஓடும். லீவு முடிந்து போன பின்னும் தன் போனில் தொடர்ந்து படித்தார். டெப்பில் அவருடைய கணக்கு மூடப்படாமல் அப்படியே கிடந்தது.

குல்தூம் அந்த அழைப்பை அழுத்தினாள். அவரை அடக்கிய கபுறைக் காணாதவளுக்கு அவர் விட்டுப்போன இடம் என்று ஒன்று இருக்கிறதாம், அதைப் பார்க்கலாமே என்று நினைத்திருக்கலாம்.

பாதிக்குக் கொஞ்சம் குறைவாக முடித்திருந்தார். முடித்த பாடங்களுக்குப் பக்கத்தில் பச்சை அடையாளம். சிறு பரீட்சைகளில் அவர் சொன்ன பதில்கள், சரியும் பிழையுமாக, அப்படியே இருந்தன. ஒரு கேள்வியில் இரண்டு தடவை பிழை விட்டிருந்தார். ஒரே பொருளில் பழைய சரக்கும் புதிய சரக்கும் இருந்தால் எதை முதலில் வெளியே அனுப்ப வேண்டும் என்ற கேள்வி. புதியதை என்று போட்டிருந்தார், இரண்டு தடவையும். குல்தூமுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டில் இருக்கும்போதும் அவர் அப்படித்தான். இன்றைக்கு வந்த பாணைத்தான் முதலில் பிய்ப்பார். நேற்றைய பாண் எப்போதும் குல்தூமுக்கு.

சிரிப்புச் சத்தம் கேட்டுக் குசினிக்குள்ளிருந்து அவளுடைய தாய் ஆமினா உம்மா எட்டிப் பார்த்தாள். "என்ன புள்ள, சிரிக்கிறாய்?"

"ஒண்டுமில்ல உம்மா. அவர்ட பாடம் ஒண்டு பாதியில கிடக்கு."

"மவுத்தான மனிசன்ட பாடத்துல சிரிக்க என்ன இரிக்கு?" என்று கேட்டுவிட்டு உம்மா போனாள். ஆனால் அழாமல் இருக்கிறாளே என்ற ஆறுதல் அவளுடைய குரலில் இருந்தது.

அடுத்த நாளிலிருந்து, இர்ஷானா பள்ளிக்கூடம் விட்டு வந்து சாப்பிட்ட பிறகு, லுஹர் தொழுகைக்கும் அஸர் தொழுகைக்கும் இடையில் குல்தூம் டெப்போடு உட்கார்ந்தாள். முதலில் அவர் படித்த பாடங்களை முதலிலிருந்து பார்த்தாள். பிறகு அவர் விட்ட இடத்துக்கு வந்து, அதைக் கடந்தாள். உயர்தரத்தில் வர்த்தகம் படித்து, நல்ல பெறுபேறு வந்த கையோடு கல்யாணமாகிப் போனவள் அவள். பெறுபேற்றுத் தாள் அலுமாரிக்குள் சீலைகளின் கீழே போனது. அதன்பின் இத்தனை வருடத்தில் யாரும் அவளிடம் அறிவைக் கொண்டு பதில் சொல்ல வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்டதில்லை. கறிக்கு உப்புக் கூடினால் சொன்னார்கள். சரியாக இருந்தால் பேசாமல் சாப்பிட்டார்கள். இந்தத் தளமோ கேள்வி கேட்டது. பதில் சரியானால் சரி என்று சொன்னது.

படித்ததை எங்கே செய்து பார்ப்பது? குசினிதான் இருந்தது. தட்டுகளில் இருந்ததையெல்லாம் இறக்கி, பழையது முன்னால், புதியது பின்னால், அடிக்கடி எடுப்பது கைக்கெட்டும் தூரத்தில் என்று மாற்றி வைத்தாள். ஆமினா உம்மா இரண்டு நாள் கொத்தமல்லியைத் தேடினாள். "எங்கிட வீட்டுல சாமான் எடுக்கிறதுக்கு இனி டிக்கட் எடுக்கணும் போல" என்று வந்தவர்கள் எல்லாரிடமும் முறையிட்டாள்.

வந்தவர்கள் பெண்கள். மவுத்தானவருக்காகத் துஆக் கேட்டு, பாயில் உட்கார்ந்து, டெப்பைப் பார்த்து, என்ன இது என்று விசாரித்தார்கள். அவர் பாதியில் விட்ட படிப்பு என்று உம்மா சொன்னாள். அவர்கள் கண்கள் கலங்கின. "புருசன் விட்ட வேலைய முடிச்சிக் குடுக்கிறாள். இந்தக் காலத்துல இப்படி ஒரு பொஞ்சாதியா" என்று ஒழுங்கை முழுக்கப் பேச்சாயிற்று. குல்தூம் தலையைக் குனிந்துகொண்டாள். அவர்கள் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

உண்மை வேறு. ஒரு நாள் முழுப் பாடம் ஒன்றை முடித்து நிமிர்ந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது, அந்த நேரம் முழுவதும் ஸாஹிரை அவள் ஒரு தடவைகூட நினைக்கவில்லை. பாவமன்னிப்புக் கேட்டுத் தௌபாச் செய்தாள். அடுத்த நாளும் அப்படியே நடந்தது. துக்கத்தால் அல்ல, ஆசையால் படிக்கிறாள் என்பது அவளுக்குத் தெரிந்துபோயிற்று. அதை வெளியே சொல்ல முடியுமா? கணவனுக்காக என்றால் புண்ணியம். தனக்காக என்றால் இத்தாவில் இருக்கும் பெண்ணுக்கு என்ன படிப்பு என்று கேட்பார்கள். ஒரு பெண் தன் மூளையைப் பயன்படுத்துவதற்கு இறந்தவனின் மையித்தின் பின்னால் ஒளிய வேண்டியிருந்தது. இதைக் கலாசாரம் என்று சொல்லிப் பெருமைப்படுகிறவர்கள் அந்தத் திரை போட்ட அறைக்குள் ஒரு வாரம் இருந்து பார்க்கட்டும்.

ஒரு நாள் தளம் ஒரு கருத்துக் கணிப்பை நீட்டியது. ஏன் தொடர்ந்து எம்மோடு கற்கிறீர்கள்? பயனுள்ளது, இலகுவானது, மகிழ்ச்சி தருகிறது, தொழில் முன்னேற்றத்துக்கு உதவும், நண்பர்கள் சொன்னார்கள். ஒன்றைத் தெரிவு செய்யலாம். கீழே வேறு காரணம் எழுத ஒரு சிறு பெட்டி. வளர்ந்தவர்கள் எதனால் படிப்பைப் பாதியில் விடுகிறார்கள், எதனால் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஆராய்கிறவர்களுக்கு அந்தப் பதில் தேவைப்படுகிறது போலும். குல்தூம் வெகுநேரம் பார்த்திருந்துவிட்டு, 'பயனுள்ளது' என்பதைத் தொட்டாள். சிறு பெட்டியில் எழுதத் தொடங்கியதை அழித்துவிட்டாள். வேறு போக்கிடம் இல்லாதவர்களுக்கு அந்தப் பட்டியலில் ஒரு வரி இல்லை.

பாடத்தோடு ஒரு கலந்துரையாடல் பக்கமும் இருந்தது. படிக்கிறவர்கள் அங்கே சந்தேகம் கேட்பார்கள், தெரிந்தவர்கள் பதில் எழுதுவார்கள். வெல்லாவெளியில் கூட்டுறவு நெல் களஞ்சியம் ஒன்றில் வேலை செய்யும் ரதீஸ் என்ற பையன் அங்கே தமிழில் எழுதியிருந்தான்: "எங்கட பக்கம் எல்லா வட்டையிலயும் ஒரே நேரத்தில வெட்டு. நெல் மூடை வந்து மலை மாதிரிக் குவியும். எது முதல் வந்தது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. பழசு அடியில கிடந்து வண்டு பிடிக்குது. யாராவது வழி சொல்லுங்க."

வட்டை என்றால் வயல்வெளி, வெட்டு என்றால் அறுவடை. குல்தூம் வெல்லாவெளி வயலையும் கண்டதில்லை, நெல் களஞ்சியத்தையும் கண்டதில்லை. ஆனால் அவளுடைய அண்ணன் இஷாம் காக்கா பிரதான வீதியில் புடவைக்கடை வைத்திருந்தார். அங்கே வெட்டி எறிகிற துணித் துண்டுகள் அவளுக்கு ஞாபகம் வந்தன. கிழமைக்கு ஒரு நிறத் துணி, அந்தக் கிழமை வந்த மூடையின் வாயில் அதைக் கட்டுங்கள், நடுவில் ஆள் போக வழி விட்டு இரண்டு பக்கமும் அடுக்குங்கள் என்று எழுதினாள். எழுதியவர் பெயர் ஸாஹிர் என்று விழுந்தது.

பத்துப் பதினைந்து நாளில் அவன் படத்தோடு வந்தான். மூடைகளின் வாய்களில் சிவப்பும் நீலமும் மஞ்சளுமாகத் துணிகள் தொங்கின. "ஸாஹிர் நானா, வேலை செய்யுது. மனேஜர்தான் இது களஞ்சியமா, நேத்தி வெச்சுத் துணி கட்டின கோயில் மரமா எண்டு கேக்கிறார்."

"பழைய மூடை முதல்ல போனா, அவர் விரும்பினாக் கும்பிடட்டும் தம்பி" என்று எழுதினாள். எழுதிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு அந்நிய ஆணோடு பகிடி விட்டிருக்கிறாள். அதுவும் இத்தாவில். ஆனால் விட்டது ஸாஹிர் அல்லவா?

அதன்பின் ரதீஸ் எதற்கும் ஸாஹிர் நானாவைக் கேட்டான். மற்றவர்களும் கேட்டார்கள். ஓர் ஆணின் பெயருக்குக் கிடைக்கிற மரியாதை எப்படிப்பட்டது என்பதைக் குல்தூம் அங்கேதான் அனுபவித்தாள். அவள் சொன்னதை யாரும் இடையில் வெட்டவில்லை. யாரிடம் கேட்டுச் சொல்கிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இத்தாவின் நடுப்பகுதியில் ஒரு நாள் அவளுக்குப் புத்தி வந்தது. சான்றிதழ் யார் பெயரில் வரும்? இஷாம் காக்கா வந்திருந்தபோது அதைச் சொன்னாள். என் பேரில் புதிதாகப் பதிந்து திரும்பத் தொடங்கட்டுமா, அடையாள அட்டையும் படமும் கேட்கிறார்கள் என்றாள்.

இஷாமைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் கெட்ட மனிதர் அல்ல, அதுதான் சிக்கல். காத்தான்குடியில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கட்டிக் கொடுப்பார்கள். வாப்பா இல்லாத வீட்டில் அந்தப் பாரம் காக்காவின் தலையில் விழுந்தது. சவூதியில் இளமையைத் தொலைத்து, அது முடியும்வரை தான் கல்யாணம் முடிக்காமல், தங்கைக்கு இந்த வீட்டைக் கட்டினார். வீட்டு உறுதிப் பத்திரம் அவளுடைய பெயரில். கரண்ட் பில், தண்ணீர் பில் அவளுடைய பெயரில். கல்லும் சீமெந்தும் அவளுடையவை. அந்தக் கூரைக்குக் கீழே நடக்கிற எதையும் தீர்மானிப்பவர் மட்டும் அவர்.

நேர்மையான ஆள், பள்ளிவாசல் மௌலவியிடம் போய்க் கேட்டுவிட்டே வந்தார். "படிக்கிறதுக்குத் தடையில்லயாம். தேவையெண்டா படமும் குடுக்கலாமாம்" என்றார்.

"அப்ப பதியவா காக்கா?"

"மௌலவி மார்க்கத்தச் சொன்னாரு. நான் ஊரச் சொல்றன். இத்தாவுல இரிக்கிற பொம்புளட படம் எங்கயோ கம்பியூட்டர்ல கிடக்கெண்டு ஒருத்தன் கதைச்சா, நான் கடையில இரிக்க ஏலுமா? மச்சான்ட பேர்லயே முடி. இப்ப எல்லாரும் உன்னப் பத்தி நல்லமாக் கதைக்கிறாங்க. அத ஏன் கெடுத்துக்கிறாய்?"

பழியை முழுவதும் அவர்மீது போட்டுவிட முடியாது. குல்தூமும் உள்ளுக்குள் கணக்குப் போட்டாள். புதிதாகத் தொடங்கினால் பாதிப் பாடம் வீண். சான்றிதழுக்கான கட்டணத்தை ஸாஹிர் முன்னமே கட்டியும் விட்டார். எல்லாவற்றையும்விட, அவருடைய பெயரில் இருக்கும்வரை அது விசுவாசம், யாரும் தட்டிப் பறிக்க மாட்டார்கள். பெயரைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம், உண்மையைச் சொன்னால் கேட்காமலா போவார்கள் என்று நினைத்தாள். அந்த நிழல் அவளுக்கும் வசதியாக இருந்தது.

இத்தா முடிந்தது. குளித்து, நிறச் சீலை உடுத்து, திரையை விலக்கினாள். அந்த வாரமே இஷாம் இன்னொரு கதையோடு வந்தார். கூடவே அவருடைய மனைவி ஹப்ஸாவும் வந்தாள்.

"ஓட்டமாவடி ஆள். அரிசி மில் இரிக்கி. மனிசி மவுத்து. வயசு கொஞ்சம் கூடத்தான்" என்றார் இஷாம். "ஆனா இர்ஷானாக்கு வீடு கட்டித் தாறன் எண்டு வாயால சொல்லிட்டாரு. நான் உனக்கு ஒண்டு கட்டிட்டன். எனக்கும் ரெண்டு பொம்புளப் புள்ள இரிக்கி. இர்ஷானாக்கு யாரு கட்டுற?"

"கொஞ்சம் பொறுங்க காக்கா. சேர்ட்டிபிக்கட் வந்தா நான் வேலைக்குப் போறன். நானே கட்டுறன்."

ஹப்ஸா சிரித்தாள். "ஸ்டோர்ஸ்ல வேல செஞ்சி வீடு கட்டின ஆள நான் இன்னம் காணல்ல மதினி."

"அத்திவாரமாவது போட மாட்டனா?"

இஷாம் தங்கையின் முகத்தைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, மாதம் முடியும்வரை மில்காரருக்குப் பதில் சொல்லாமல் இருக்கிறேன் என்றார். அதுவரைக்கும்தான். வேலை கிடைத்தால் கல்யாணப் பேச்சு இல்லை, கிடைக்காவிட்டால் ஓட்டமாவடி. இப்படித்தான் அந்த மாதம் நின்றது.

கடைசிப் பரீட்சையை அவள் நல்ல புள்ளிகளோடு முடித்தாள். சான்றிதழ் வந்தது. தங்க நிற ஓரம், நடுவில் முஹம்மட் ஸாஹிர் என்ற பெயர். பெயரை மாற்றக் கேட்கும் பக்கத்தைத் தேடிப் பார்த்தாள். சட்டப்படி பெயர் மாற்றியதற்கான பத்திரம் இருந்தால் மட்டும் என்றிருந்தது. அதே நாட்களில் ரதீஸ் எழுதினான்: "ஸாஹிர் நானா, ஏறாவூர்ல புதுசா ஒரு கார்மெண்ட் திறந்திருக்கிறாங்க. ஸ்டோர்ஸுக்கு ஆள் எடுக்கிறாங்களாம். உங்களமாதிரி ஆள்தான் சரி. போய்ப் பாருங்க."

ஸாஹிர் நானா போக முடியாது. குல்தூம் போனாள். கொம்யூனிகேஷன் கடையில் சான்றிதழை அச்செடுத்து, உயர்தரப் பெறுபேற்றையும் சீலைகளின் கீழிருந்து எடுத்து, உம்மாவையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

அங்கே ஆள் எடுக்கும் பொறுப்பில் இருந்தவள் லில்லியன், மட்டக்களப்பு டவுனைச் சேர்ந்த பறங்கிப் பெண். வயது குல்தூமின் வயதுதான் இருக்கும். துணிச் சுருள்கள் அடுக்கியிருந்த அறைக்குக் கூட்டிப் போய்ச் சில கேள்விகள் கேட்டாள். குல்தூம் சொன்னாள். லில்லியன் திருப்தியாகத் தலையசைத்தாள். மேசைக்குத் திரும்பி வந்து தாளைப் பார்த்த பிறகுதான் அவளுடைய முகம் மாறியது.

"மிஸ், இதில இருக்கிறது ஆம்பிளைட பேர்."

"என்ட மாப்பிளட பேர். அவர் மவுத்து. படிச்சது நான்."

"நான் நம்புறன்" என்றாள் லில்லியன். "கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னது நீங்கதானே. ஆனா ஃபைல் கொழும்புக்குப் போகும். அங்க இருக்கிறவங்க உங்களக் காண மாட்டாங்க, பேப்பரைத்தான் காணுவாங்க. அந்தத் தளத்தில இருந்து உங்கட பேர்ல ஒண்டு வாங்கிட்டு வாங்க. மாசக் கடைசி மட்டும் நான் வேற ஆளப் போட மாட்டன்."

பஸ்ஸில் உம்மா கேட்டாள், "என்னவாம் புள்ள?"

"பேர மாத்தணுமாம் உம்மா."

"ஏன், அந்தப் பேருக்கு என்ன குற?"

வீட்டுக்கு வந்து குல்தூம் தளத்துக்கு எழுதினாள். எந்தப் பொய்யும் எழுதவில்லை. கணவர் காலமானார், அவர் பாதியில் விட்டதை நான் முடித்தேன், இன்ன காரணத்தால் அப்போது என் பெயரில் பதிய முடியவில்லை, பரீட்சையை எத்தனை தடவை வேண்டுமானாலும் திரும்பச் செய்கிறேன், கேமராவில் முகத்தைக் காட்டியே செய்கிறேன், சான்றிதழை மட்டும் என் பெயருக்கு மாற்றித் தாருங்கள். கட்டாரிலிருந்து வந்த மரணத் தாளையும் படம் பிடித்து இணைத்தாள். உண்மையைச் சொல்கிறவரைக் கேட்க அங்கே மனிதர் யாராவது இருப்பார்கள் என்று இன்னமும் நம்பினாள்.

பதில் விரைவாக வந்தது. ஆழ்ந்த அனுதாபம் முதல் வரியில் இருந்தது. இரண்டாவது வரியிலிருந்து கொள்கை தொடங்கியது. காலமானவர்களின் கணக்குகள் அவர்களுடைய தனியுரிமையைக் காக்கும் பொருட்டு மூடப்படும். கணக்குக்கு உரியவர் அல்லாத ஒருவர் பரீட்சை எழுதியதால் சான்றிதழ் ரத்துச் செய்யப்படுகிறது. விரும்பினால் புதிய கணக்கில் பதிந்து முதற் பாடத்திலிருந்து கற்கலாம். உங்கள் கற்றல் பயணத்துக்கு வாழ்த்துகள்.

அவள் வாசித்து முடிக்கும் முன்னரே டெப்பில் இருந்த கணக்கு மூடிவிட்டது. பச்சை அடையாளங்கள் போயின. ஸாஹிர் இரண்டு தடவை விட்ட பிழையும் போனது. பாலைவனத்தில் மரித்தவனின் தனியுரிமையைக் காப்பாற்ற அந்த நிறுவனத்துக்கு இருந்த அவசரத்தை என்னவென்று சொல்வது? அவன் உயிரோடிருந்தபோது எந்த நிறுவனம் அவனைக் காப்பாற்ற ஓடி வந்தது? ஊருக்குப் பயந்து ஒரு பெண் தன் பெயரை மறைத்தாள். உலகத்துக்கு உண்மை சொன்னதும் அது அவளுக்கு மோசடிக்காரி என்று முத்திரை குத்தியது. ஊரிடம் ஒரு சட்டம், கம்பனியிடம் ஒரு சட்டம். இரண்டும் ஒன்றையொன்று அறியாதவை, இரண்டிலும் அவளுக்கு இடமில்லை.

லில்லியனுக்குப் போன் எடுத்துச் சொன்னாள். "திரும்பச் செய்ய எவ்வளவு காலம் எடுக்கும் மிஸ்?" என்று லில்லியன் கேட்டாள். பாடங்களை அவசரமாகத் திறந்துவிட்டுத் தாண்ட அந்தத் தளம் விடாது, கிழமைக்கு இத்தனைதான் திறக்கும். மாதக் கடைசிக்குள் நடக்காது. "அப்ப எனக்கு ஏலாது. மன்னிச்சிக்கொள்ளுங்க" என்றாள் லில்லியன். அவளுக்கு உண்மையிலேயே கவலைதான். அந்தக் கவலையைக் கொழும்புக்கு அனுப்ப ஃபைலில் இடமில்லை.

அடுத்த நாள் குல்தூம் புதிய கணக்கைத் திறந்தாள். அடையாள அட்டையைக் காட்டினாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு டெப்பின் கேமராவைப் பார்த்தாள். உம்மு குல்தூம் என்று முதல் தடவையாக அந்தத் திரையில் எழுத்துகள் வந்தன. முதற் பாடம் திறந்தது.

கலந்துரையாடல் பக்கத்துக்குப் போனாள். அவளுடைய பதில்கள் அங்கேதான் இருந்தன. ஆனால் ஸாஹிர் என்றிருந்த இடமெல்லாம் 'நீக்கப்பட்ட பயனர்' என்றிருந்தது. கீழே ரதீஸ் கேட்டிருந்தான்: "ஸாஹிர் நானா எங்க? யாருக்காவது தெரியுமா?"

அவள் எழுதினாள். தம்பி, ஸாஹிர் என்ட மாப்பிள, அவர் மவுத்தாகி மாதங்கள் ஆகிட்டு, நீங்க கேட்டதுக்கெல்லாம் பதில் எழுதினது நான்தான், துணி கட்டச் சொன்னதும் நான்தான்.

பின்னேரம் பதில் வந்தது. "கேட்டு மிச்சம் கவலையாக் கிடக்கு அக்கா. நல்ல மனிசன். அவர் சொல்லித் தந்து வெச்சதெல்லாத்தையும் நீங்க மறக்காம எங்களுக்கு எழுதினது பெரிய விசயம். அவர்ட ஆத்மா சாந்தியடையட்டும்."

பையன் பழுதானவன் அல்ல. மனமுருகித்தான் எழுதியிருந்தான். குல்தூம் அதை வாசித்துவிட்டு, இல்லை தம்பி என்று தொடங்கி, பாதி எழுதி, அப்படியே விட்டாள். அதன்பின் அவன் அவளிடம் நெல்லைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் ஒரு பூப்படம் அனுப்பினான்.

மாதம் முடிந்தது. இஷாம் வந்தார். வந்தவர் கதிரையில் உட்காரவில்லை.

"கார்மெண்ட் கதை என்ன?"

"வேற ஆள் எடுத்திட்டாங்க காக்கா."

"அப்ப வெள்ளிக்கிழம அவங்கள வரச் சொல்றன்."

"வேணாம் காக்கா."

"ஏன் வேணாம்?"

"எனக்கு விருப்பமில்ல."

அந்தச் சொல்லை அந்த வீட்டில் அவள் அதற்குமுன் சொன்னதில்லை. இஷாம் கோபப்படவில்லை. விளங்காதவரைப்போல நின்றார். "வேலயுமில்ல. தாளுமில்ல. என்னத்த வெச்சிக்கிட்டு வேணாம் எண்டு சொல்றாய்?"

"ஒண்டுமில்ல. படிக்கிறன்."

"முடிச்சதத்தானே திரும்பப் படிக்கிறாய்."

"ஓம்."

"தெரிஞ்சத என்னத்துக்கு புள்ள படிக்கிற?"

மேசையில் டெப் திறந்து கிடந்தது. பெட்டிகளை எப்படி இனம் பிரிப்பது என்று ஓர் ஆங்கிலக் குரல் சொல்லிக்கொண்டிருந்தது. சொல்வதற்கு முன்பே அவளுக்கு அது தெரியும். அடுத்த சொல்லும், அதற்கடுத்த சொல்லும் தெரியும். இஷாம் அந்தக் குரலைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். தான் சவூதியில் இருந்து அனுப்பிய ஒவ்வொரு ரியாலும் ஒவ்வொரு கல்லாக நிற்கிற சுவர்களை ஒரு தடவை சுற்றிப் பார்த்தார்.

"நான் மில்காரருக்கு என்ன சொல்ற?"

"தங்கச்சிக்கு விருப்பமில்ல எண்டு சொல்லுங்க."

"அப்படி ஒரு காரணத்த எப்படிச் சொல்ற" என்றார். பகிடியாகச் சொல்லவில்லை. அதை எப்படிச் சொல்வதென்று அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை.

அதன்பின் அவர் அந்த வீட்டுக்குள் காலடி வைக்கவில்லை. ஹப்ஸாவும் வரவில்லை. ஒழுங்கைப் பெண்கள் பேச்சை மாற்றிக்கொண்டார்கள். புருசன் விட்டதை முடித்துக் கொடுத்தவள் இப்போது காக்காவின் சொல்லை எறிந்தவள், எந்த நேரமும் டெப்பும் கையுமாகத் திரிகிறவள். அபாயாக் கடை ஒன்றுக்கு மணி தைத்துக் கொடுக்கும் வேலையை அவள் எடுத்துக்கொண்டாள். கண் எரியும் வேலை. கிடைப்பது அரிசிக்கும் மீனுக்கும் சரி. அத்திவாரத்தைப் பற்றி அவள் இப்போது பேசுவதில்லை.

பள்ளிக்கூடத் தவணை தொடங்குவதற்கு முதல் நாள் வாசல் கேட்டடியில் இஷாமின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. எஞ்சினை நிறுத்தாமலே இர்ஷானாவைக் கூப்பிட்டார். புதுச் சப்பாத்துப் பெட்டியை நீட்டினார். "மாமா, உள்ளுக்கு வாங்க" என்றாள் பிள்ளை. "கடைக்குப் போகணும் மகள்" என்றார். ஜன்னலுக்குப் பின்னால் குல்தூம் நின்றாள். அவர் பார்க்கவில்லை, பார்க்காமல் இருப்பதற்காகவே சப்பாத்தின் அளவை இரண்டு தரம் கேட்டார். பிறகு போய்விட்டார். குல்தூம் மணித் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, அந்தக் கிழமை திறந்த பாடத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். அழுதுகொண்டே முதல் கேள்விக்குப் பதில் போட்டாள்.